ஆம்னிக்குள் இரண்டு சைக்கிள், ஏழூர் தரிசனம்

"மாமா, ஒண்ணு சைக்கிள் வரணும், இல்லைன்னா நாம வரணும். ரெண்டும் நடக்காது" என்று சொல்லிவிட்டு மச்சான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். எங்களிடம் இருப்பது பழைய மாருதி ஆம்னி. மூக்கிலிருந்து வால் வரை 3,370 மில்லிமீட்டர், அதாவது பதினோரு அடி. அகலம் ஐந்து அடிகூட இல்லை. இதற்குள் இரண்டு சைக்கிள், இரண்டு ஆள், இரண்டு இரவுக்கான சாமான். ஈரோட்டிலிருந்து திருவையாறு போய், அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, திருவையாற்றையும் சேர்த்துப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஏழு சிவன் கோயில்களான ஏழூர்த் தலங்களையும் சைக்கிளிலேயே சுற்றிவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஏன் சைக்கிள் என்று வீட்டில் கேட்டார்கள். சித்திரையில் திருவையாற்றுச் சுவாமி ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கிலும் நந்திதேவர் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் இந்த ஏழு ஊரையும் சுற்றி வருகிறார்கள். பங்குனியில் திருமழபாடியில் நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம், சித்திரையில் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஏழூர் வலம். சுவாமியே தோளில் ஏறி மெதுவாகப் போகிற வழியில் காரில் விர்ரென்று போய்வர மனம் ஒப்பவில்லை. அவ்வளவு தூரம் நடக்க முட்டி ஒப்பவில்லை. சைக்கிள் நடுவில் நின்றது.

சாமான் கட்டுவதில் எனக்கு ஒரே குரு சபரிமலை இருமுடிதான். முன்முடியில் சுவாமிக்கு உள்ளது, பின்முடியில் நமக்கு உள்ளது. நடக்க நடக்கப் பின்முடி இளைத்துக்கொண்டே வர வேண்டும். இதே கணக்கை ஆம்னிக்கும் வைத்தேன். பின் சீட்டைக் கழற்றி வீட்டிலேயே போட்டாயிற்று. ஒட்டுப்பலகையை இரண்டு துண்டாக அறுத்து, பழைய பிளாஸ்டிக் கிரேட்டுகளின் மேல் பரப்பினோம். பலகைக்குக் கீழே சாமான், மேலே சைக்கிள். இரவில் சைக்கிள் இறங்கி வெளியே நிற்கும், அந்த இடத்தில் கோரைப்பாயை விரித்து நாங்கள் படுப்போம். கால் நீட்டினால் முன் சீட்டின் முதுகில் முட்டும், அதனால் கொஞ்சம் கோணலாகத்தான் படுக்க வேண்டும்.

முன் சக்கரத்தைக் கழற்றினால் சைக்கிள் நாலரை அடிக்குச் சுருங்கிவிடும். ஹேண்டில்பாரைத் திருப்பி, செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்து, நடுவில் ஒரு பழைய ஜமுக்காளத்தைப் போட்டு, இன்னொன்றைத் தலைமாற்றி அதன்மேல் படுக்கவைத்தோம். பெடல்தான் இடித்தது. வலது பெடல் சுலபமாக வந்தது. இடது பெடலோடு மச்சான் கால் மணி நேரம் மல்லுக்கட்டினான், அது இன்னும் இறுகிப்போனது. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பது இருவருக்கும் மறந்துபோயிருந்தது. சைக்கிள் கடைக்காரர் சிரித்துக்கொண்டே 15ஆம் நம்பர் ஸ்பேனரை மறுபக்கம் திருப்பினார், வந்துவிட்டது.

மற்றதெல்லாம் துணி, பாத்திரம். துருக்கித் துண்டை எடுத்து வைத்த மனைவியிடம் வேண்டாம் என்றேன். ஈரிழைத் துண்டு சுருட்டினால் கைப்பிடி அளவுதான், கேரியரில் கட்டிக்கொண்டு ஓட்டினால் அடுத்த ஊர் வருவதற்குள் காய்ந்துவிடும். நாலு முழ வேட்டி ஆளுக்கு மூன்று. கோயிலுக்கு அதுவே, இரவில் போர்வை அதுவே, வேன் கண்ணாடிக்குத் திரையும் அதுவே. சின்ன கேஸ் அடுப்பு சட்டிக்குள் அடங்கியது, காபித்தூளும் தீப்பெட்டியும் அடுப்பின் சந்தில் அடங்கின. அப்புறம் பாட்டி காலத்து நாலடுக்கு டிபன் கேரியர். இதைவிட இடம் மிச்சம் பிடிக்கிற சாமானை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. கீழடுக்கு இரண்டிலும் புளியோதரை, மூன்றாவதில் பொரிவிளங்காய் உருண்டை, மேலே ஊறுகாய். பலகைக்குக் கீழே, கடைசிக் கிரேட்டில், ஆடாமல் அசையாமல் வைத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி. திருவையாறு போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பதைத் தாண்டிவிட்டது. ஒரு கல்யாண மண்டபத்துக் காவலாளி, முகூர்த்தம் இல்லாத மாதம்தானே என்று உள்ளே நிறுத்திக்கொள்ளச் சொன்னார். ஆற்றங்கரையில் நிறுத்த எனக்கு இஷ்டமில்லை. பனி ஒரு பக்கம், தண்ணீர் எப்போது கூடும் என்று தெரியாத பயம் ஒரு பக்கம்.

விடியுமுன் புஷ்யமண்டபத் துறையில் முழுக்கு. முதல் முழுக்குக்கு மட்டும்தான் குளிர். ஐயாறப்பர் கோயிலில் திருப்பள்ளியெழுச்சி கேட்டது. கயிலைக்குப் போகப் புறப்பட்டு, கால் தேய்ந்து, உடம்பால் உருண்டு, முடியாமல் கிடந்த அப்பரைச் சுவாமி ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்ல, அவர் எழுந்தது இந்த ஊர்க் குளத்தில். கயிலையை இங்கேயே பார்த்தார். வாழ்நாளெல்லாம் ஊர் ஊராய் நடந்தவர் கையில் இருந்த சாமான் கோயிலில் புல் செதுக்குகிற உழவாரப்படை ஒன்றுதான். எங்கள் கிரேட்டுகளை நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

முதலில் திருப்பழனம். அங்கிருந்து திங்களூர் பக்கம்தான் என்பதால் மச்சான் சைக்கிளைத் திருப்பிவிட்டான். அப்பூதியடிகள் ஊர். அப்பரைக் கண்ணால் காணுமுன்பே பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் திருநாவுக்கரசு என்று பெயர் வைத்தவர். அங்கே உட்கார்ந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. பல்லக்கு என்றால் ஆற்று மணலில் இறங்கிக் கடந்துவிடும். எங்களுக்குத் திருவையாறு திரும்பி, பாலம் ஏறி, கண்டியூர் வந்து, கிழக்கே திரும்ப வேண்டியிருந்தது. திருச்சோற்றுத்துறைக்குப் போனபோது மணி பன்னிரண்டுக்குக் கொஞ்சம்தான் பாக்கி.

உச்சிக்காலம் கிடைத்தது. ஓதனவனேஸ்வரர், அன்னபூரணி. ஓதனம் என்றாலே சோறுதான். தரிசனம் முடிந்து, வெளி மண்டபத்தில் உட்கார்ந்து, "மாப்ள, கேரியரை அவிழ்" என்றேன்.

"நீங்க எடுத்து வைக்கலையா?"

கேரியர் ஆம்னியில். பலகைக்குக் கீழே, கடைசிக் கிரேட்டில், ஆடாமல் அசையாமல். இடம் மிச்சம் பிடிக்க அவ்வளவு உள்ளே தள்ளியது நான்தான், பழியை யார்மேல் போடுவது? கோயிலைச் சுற்றிலும் வயல். கண்ணுக்கெட்டிய வரை ஒரு டீக்கடை இல்லை.

சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்ட குருக்கள் எங்கள் முகத்தைப் பார்த்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும், "சோற்றுத்துறைக்கு வந்து யாராவது பட்டினி கிடப்பாளா?" என்று நைவேத்தியப் பாத்திரத்தைத் திறந்தார். உப்பு போடாத வெள்ளைச் சோறு, பக்கத்தில் கொஞ்சம் தயிர். வாழை இலைக் கிழிசலில் இரண்டு பங்கு. பஞ்ச காலத்தில் இந்த ஊர் அடியார் ஒருவருக்குச் சுவாமி அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கொடுத்தார் என்று தலபுராணம். எங்களுக்குக் கிடைத்தது நாலு கைப்பிடி. இரவு வரைக்கும் பசிக்கவில்லை என்பது மட்டும் நிஜம்.

அந்த மண்டபத்தில் படுத்துக்கொண்டுதான் நந்தி கல்யாணக் கதையை மச்சானுக்குச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் எதையும் மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை. பழம் திருப்பழனத்திலிருந்து, சோறு இந்த ஊரிலிருந்து, வேதியர் திருவேதிகுடியிலிருந்து, நகை கண்டியூரிலிருந்து, பூ திருப்பூந்துருத்தியிலிருந்து, நெய் தில்லைஸ்தானம் என்கிற திருநெய்த்தானத்திலிருந்து வந்ததாம். "அப்போ நாமதான் புளியோதரை கட்டிட்டு வந்து கெடுத்துட்டோம்" என்றான் அவன்.

வேதிகுடி நாலரைக்கு, கண்டியூர் ஐந்தரைக்கு. இரண்டிலும் எங்களைத் தவிர யாருமில்லை. பூந்துருத்தி சேரும்போது இருட்டிவிட்டது. அங்கே நந்தி சந்நிதிக்கு நேரே இல்லை, தள்ளிப் படுத்திருக்கிறது. அப்பர் உழவாரம் செய்த மண்ணில் கால் வைக்கக் கூசி ஞானசம்பந்தர் வெளியிலேயே நிற்க, அவர் பார்ப்பதற்காகச் சுவாமி நந்தியை விலகச் சொன்னார் என்பார்கள். சம்பந்தரின் பல்லக்கை அப்பர் கூட்டத்தில் ஒருவராகச் சுமந்து வந்தது இந்த ஊர் எல்லையில்தான். அதைக் கேட்டதும், காலையிலிருந்து "தொடை வலிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அப்புறம் சொல்லவில்லை.

நெய்த்தானத்தில் நெய்யாடியப்பரைக் கும்பிட்டுத் திருவையாறு திரும்பியபோது 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருந்தோம். பலகையைத் தூக்கிக் கேரியரைத் திறந்தால், மார்கழிக் குளிரின் புண்ணியத்தில் புளியோதரை கெடவில்லை. காவலாளிக்கும் ஒரு பங்கு போயிற்று.

மறுநாள் காலை ஐயாறப்பர் கோயில் பிராகாரத்தில், எதிரொலி கேட்கும் இடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டோம். ஏழு முறை கேட்கும் என்பார்கள். மச்சான் ஏழு என்றான். எனக்கு ஐந்துக்குமேல் கேட்கவில்லை, வயசு.

புறப்படும்போது அசோகா அல்வா வாங்கினோம். சைக்கிள் ஏறியபின் வேனில் அதற்கு இடமில்லை. கேரியரைக் கழுவித் துடைத்துக் கடைக்காரரிடம் நீட்டினேன், இரண்டு அடுக்கிலும் சூடாக நிரப்பிக் கொடுத்தார். ஈரோட்டில் திறந்து ஒரு வாய் போட்ட மனைவி, "அல்வால ஏங்க பெருங்காய வாசனை?" என்றாள்.