ஒரு மில்லிமீட்டர் சருகு வண்டு: சல்லடையிலிருந்து பெயர் வரை

நுண்ணோக்கி இல்லாமல் பார்த்தால் எல்லாமே பழுப்புப் புள்ளிகள்தான். டிலியிடே குடும்பத்து இறகுச்சிறகு வண்டுகளானாலும் செலாஃபினே துணைக்குடும்பத்து வண்டுகளானாலும், சருகுக்குள் வாழும் இந்தப் பொடி வண்டுகளின் சிற்றினத்தை வெளித்தோற்றத்தை வைத்து முடிவு செய்வது அபூர்வம். ஆணின் புணர்ச்சி உறுப்பான ஈடியகஸ்தான் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லும். இறகுச்சிறகு வண்டுகளில் பெண்ணின் விந்து சேமிப்புப் பையும் சேர்ந்துகொள்ளும். சருகைச் சலிப்பதில் தொடங்கும் அத்தனை வேலையும் அந்த உறுப்பை உடையாமல் நுண்ணோக்கிக்கு அடியில் கொண்டு சேர்ப்பதற்குத்தான்.

சருகைச் சலிக்க 8 முதல் 10 மி.மீ. கண் உள்ள சல்லடை போதும். சலித்ததை வலைப்பைகளில் நிரப்பி விங்க்ளர் உறைக்குள் (சருகு தானாகக் காயக் காயப் பூச்சிகள் கீழே இறங்கி விழும் துணி உறை) தொங்கவிட்டு, அடியில் எத்தனால் குப்பி கட்டி, குறைந்தது 48 மணி நேரம் விட வேண்டும். பையைத் திணித்து நிரப்பினால் நடுவில் இருப்பவை வெளியே வராது. மழையில் ஊறிய சருகும் அப்படியே. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பூச்சிகளை விடாது. விளக்கு வைத்த பெர்லேஸ் புனலில் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சூடு வேகமாக ஏறினால் மெதுவாக நகரும் வண்டுகள் கீழே இறங்குவதற்குள் காய்ந்து செத்துவிடும். பொறுமை இருந்தால் விங்க்ளர்தான் நல்லது.

குப்பியில் 70 சதவீத எத்தனால் ஊற்றினால் உடல் மென்மையாக இருக்கும், அறுக்க வசதி, ஆனால் டி.என்.ஏ. கெடும். 96 சதவீதத்தில் டி.என்.ஏ. தங்கும், வண்டு விறைத்துப்போய், தொட்டால் உணர்கொம்பு உதிரும். இரண்டு குப்பிகளாகப் பிரித்து வைப்பதே நடைமுறை. எடுத்து வைக்க இடுக்கி வேண்டாம், நசுங்கிவிடும். மெல்லிய தூரிகை போதும்.

மரபணு வேலையை முதலில் செய்துவிடலாம். வண்டை அரைக்காமல், புரோட்டினேஸ் கே என்ற, புரதத்தைச் சிதைக்கும் நொதியின் கரைசலில் 56 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க ஊறவிட்டால் தசை கரைந்து டி.என்.ஏ. வெளியே வரும், ஓடு முழுசாகத் தங்கும். பிறகு அறுப்பதும் எளிது. ஆனால் விலங்குகளை இனம் காணப் பயன்படும் சி.ஓ.ஐ. மரபணுவின் 658 கார இணைத் துண்டை வைத்துக்கொண்டு, இத்தனை சதவீத வேறுபாடு என்றால் புதிய சிற்றினம் என்று கோடு கிழிக்கக் கூடாது. பறக்க முடியாத சருகு வண்டுகள் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டாமலேயே பல தலைமுறை வாழ்பவை. ஒரே சிற்றினத்துக்குள்ளேயே பெரிய வேறுபாடு சேர்ந்துவிடும்.

அறுக்கும்போது வயிற்றின் நுனியைப் பிரித்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட வேண்டும். சூடான கரைசலில் சில நிமிடம், குளிர்ந்ததில் ஓர் இரவு. நேரம் மிஞ்சினால் மெல்லிய சவ்வுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு வெளுத்துவிடும். கழுவியபின் ஈடியகஸைக் கிளிசரினில் வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலும் வரைந்துகொள்ளுங்கள். யூபரால் பிசினில் பதித்துவிட்டால் அப்புறம் திருப்ப முடியாது. மூடுசில்லு அழுத்தினால் வளைவும் மாறிவிடும். பதித்த சிறு தகட்டை வண்டு இருக்கும் அதே ஊசியில் குத்தி வைக்க வேண்டும். தனிப் பெட்டிக்குப் போன உறுப்பு சில ஆண்டுகளில் எந்த வண்டுடையது என்று தெரியாமல் போகும்.

இங்கே ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு வெளிறி இருக்கும். அதன் உறுப்பின் உள்முட்கள் கெட்டிப்படாததால் வேறு சிற்றினம் போலவே தோன்றும். டினெல்லா போன்ற பேரினங்களிலோ ஒரே சிற்றினத்தில் கண்ணும் சிறகும் உள்ள வடிவமும், இரண்டும் குன்றிப்போன வெளிறிய வடிவமும் உண்டு. ஒற்றை மாதிரியை வைத்துக்கொண்டு, அதிலும் பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, பெயர் வைக்க அவசரப்படுபவர்கள் பின்னால் வருபவர்களுக்கு வேலை வைக்கிறார்கள்.

உடல் நீளத்தை அப்படியே நம்ப முடியாது. வயிற்றுக் கண்டங்கள் தொலைநோக்கிக் குழாய் போல உள்ளே போய் வெளியே வரும். முன்மார்புத் தகட்டின் நீள அகலம், முன்சிறகின் நீளம் இரண்டையும் தனித்தனியே அளந்து, எத்தனை மாதிரிகள் என்றும் எழுதுங்கள். நுண்ணோக்கியின் அளவுகோலை ஒவ்வோர் உருப்பெருக்கத்துக்கும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். நிகரகுவாவிலிருந்து 1999-ல் விவரிக்கப்பட்ட சைடோசெல்லா முசாவசென்சிஸ் என்ற இறகுச்சிறகு வண்டின் மாதிரிகள் நுண்ணோக்கிச் சில்லில் பதிக்கப்பட்டிருந்ததால் அளவு துல்லியமாகவில்லை. கொலம்பியாவில் கிடைத்த புதிய மாதிரிகளை அளந்த பிறகுதான், 2015-ல், அவற்றில் மிகச் சிறியது 0.325 மி.மீ. என்று உறுதியானது. அது சருகில் அல்ல, மரப் பூஞ்சையில் வாழ்வது. அளவுப் பாடம் மட்டும் எல்லோருக்கும் பொது.

இனி நூலக வேலை. நாள் பிடிப்பது இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு விவரிப்புகள் பல, லத்தீனில் சில வரிகள். உறுப்பைப் பற்றி ஒரு சொல்லும் இராது. அந்தப் பெயருக்குரிய மூல மாதிரியை அருங்காட்சியகத்திலிருந்து வரவழைத்தோ படம் கேட்டோ ஒப்பிடாமல் ‘புதியது’ என்று எழுதினால், நாளை அது பழைய பெயரின் இன்னொரு பெயராகச் சுருங்கிவிடும்.

கட்டுரையில் நீண்ட வருணனையைவிட வேறுபடுத்தும் குறிப்பு முக்கியம்: நெருங்கிய உறவிலிருந்து இது எந்தப் பண்பில் விலகுகிறது என்பதை நாலே வரியில் சொல்ல வேண்டும். விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின்படி 1999-க்குப் பின் வந்த பெயருக்கு ‘புதிய சிற்றினம்’ என்ற வெளிப்படையான அறிவிப்பு, ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமான ஒற்றை மூல மாதிரி) எது, எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்ற குறிப்பு எல்லாம் கட்டாயம். மின்னிதழில் மட்டும் வெளியானால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்க்கில் பதிவும் வேண்டும். அந்தப் பதிவுக்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். மாதிரியோடு வைக்கும் சீட்டில் இடம், ஆள்கூறு, உயரம், நாள், சேகரித்தவர். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினால் நாளும் மாதமும் குழம்பாது. ஹோலோடைப்பில் தங்கம் பூசி மின்னணு நுண்ணோக்கிக்கு அனுப்பாதீர்கள், அதற்கு வேறொரு மாதிரி இருக்கட்டும்.

பெயர் எதுவாகவும் இருக்கலாம். நியூகினியின் டிரைகோனாப்டெரஸ் கூன்வண்டுகளில் 101 சிற்றினங்களை 2013-ல் ஒரே கட்டுரையில் விவரித்தவர்கள், பப்புவாவின் தொலைபேசிப் புத்தகத்தில் இருந்த குடும்பப் பெயர்களை எடுத்துப் பல வண்டுகளுக்கு வைத்தார்கள். பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டிய பெயரடையைவிட, மாறாமல் நிற்கும் பெயர்ச்சொல் தொல்லை குறைவு. கட்டுரை வெளியாகும்வரை அந்தப் பெயரைச் செய்திக்குறிப்பிலோ சமூக வலைத்தளத்திலோ விட்டுவிடாதீர்கள்.