கண்டாங்கி கட்டிய நைட்: இதுவரை ஆன வேலை

மேசை விளையாட்டுக்காக நான் ஒட்டி வண்ணம் தீட்டுகிற நைட் என்ற போர் இயந்திர மாடல் இப்போது இடுப்பு வரை எழுந்து நிற்கிறது. கால்களை ஒட்டியாயிற்று, உள்ளே இருக்கும் இயந்திரச் சட்டத்துக்கு உலோக நிறமும் ஏற்றியாயிற்று. கவசத் தகடுகளை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. ஒவ்வொன்றையும் கிளிப் வைத்த குச்சியில் பிடித்து, மணல் நிரப்பிய பிஸ்கட் டப்பாவில் குத்தி வைத்திருக்கிறேன். பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், அந்த டப்பாவைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வார்ஹாமர் 40,000 என்பது பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த மேசைப் போர் விளையாட்டு. அதில் சாதாரண வீரன் கட்டைவிரல் உயரம்கூட வரமாட்டான். இம்பீரியல் நைட் ஏறக்குறைய ஒரு சாண். உள்ளே ஒரு பிரபு அமர்ந்து ஓட்டுகிற, இரண்டு காலால் நடக்கிற போர் இயந்திரம் அது. இந்த அளவுக்கான முதல் பிளாஸ்டிக் மாடல் பெட்டி 2014-இல் வந்தது. விலையைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது என்பதால் இங்கேயும் சொல்லவில்லை.

கதைப்படி பெரும்பாலும் ஒவ்வொரு நைட்டும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பத்துக்குக் குடும்பம் நிறமும் முத்திரையும் வேறு. நகரத்தார் ஒன்பது நகரக் கோயில்களாகப் பிரிந்து, யார் எந்தக் கோயில் என்று கேட்டுவிட்டே அடுத்த பேச்சைத் தொடங்குகிற ஊரில் வளர்ந்தவனுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. நிறுவனம் எழுதி வைத்த குடும்பங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. சொந்தமாக ஒரு குடும்பத்தை உண்டாக்கினேன். நிறங்களைக் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையிலிருந்து எடுத்தேன்: கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. எங்கள் இயந்திரப் பிரபு அதைத் தாராளமாக உடுத்தலாம்.

பெரிய மாடலில் முதலில் முடிவு செய்ய வேண்டியது நிறத்தை அல்ல, வரிசையை. எதை ஒட்டிவிட்டு வண்ணம் தீட்டுவது, எதைத் தீட்டிவிட்டு ஒட்டுவது என்பதுதான் பாதி வேலை. சிறு வீரனை முழுவதும் ஒட்டிவிட்டுத் தீட்டலாம். நைட்டை அப்படிச் செய்தால் தொடைத் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் பிஸ்டனுக்குத் தூரிகை எட்டாது. ஆகவே கால், இடுப்பு, உடல் கூடு ஆகியவை ஒரு தொகுதி. முதுகு ஓடு, தோள் தகடு, முழங்கால் தகடு, முகம் ஆகியவை தனித்தனி. கைகள் இன்னொரு தொகுதி.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறவர்கள் இதற்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் செய்கிறார்கள். நாம் மிதிக்கிற முகம்தான் அங்கே முதலில் உருவாகிறது; முதுகு கடைசியில். எனக்கு முதுகும் எலும்பும் முதலில், முகம் கடைசியில்.

ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக் சிமெண்ட். அது பசை வகையைச் சேர்ந்ததே இல்லை. பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடுகிற கரைப்பான். இடையில் வண்ணம் இருந்தால் பிடிக்காது. அதனால் பின்னால் ஒட்டப்போகிற இடங்களை எல்லாம் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டே பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்தேன். அச்சில் வார்க்கும்போது விழுந்த கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டி, நைசான உப்புத்தாளால் தேய்த்தேன். முதுகு ஓட்டின் இணைப்பில் தெரிந்த இடைவெளிக்கு ஹார்டுவேர் கடை எம்-சீலே போதும். பிசைந்து, ஈர விரலால் அழுத்தி, காய்ந்ததும் தேய்த்தால் இருந்த சுவடு தெரியாது. இதற்கென்று வெளிநாட்டுப் பச்சைப் பிசின் வாங்குகிறவர்கள் வாங்கட்டும்.

கைகளை ஒட்டவே போவதில்லை. பெட்டியில் சுழல் துப்பாக்கி, வெப்பப் பீரங்கி, சங்கிலி வாள், இரும்பு முட்டி என்று பல ஆயுதங்கள் இருக்கின்றன. தோள் குழியிலும் கைகளிலும் சிறு நியோடிமியம் காந்தங்களைப் பதித்தால் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக்கொள்ளலாம். பதிப்பதற்கு முன் எல்லாக் காந்தங்களையும் ஒரே கம்பமாக அடுக்கி, ஒரு பக்கத்தில் மார்க்கரால் புள்ளி வைத்துவிட வேண்டும். உடலில் புள்ளி வெளியே, கையில் புள்ளி உள்ளே. இந்த ஒழுங்கு தவறினால் கை தோளைத் தள்ளிவிடும்.

பிரைமருக்குத் தை மாதம் வரை காத்திருந்தேன். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்தால் மேற்பரப்பு பூத்துப்போகும் ஆபத்து உண்டு. வெளிநாட்டு ஸ்பிரே டப்பாக்கள் அழுத்தமும் தீப்பற்றும் தன்மையும் உள்ளவை என்பதால் விமானத் தபாலில் வருவதும் கடினம். வாகனங்களுக்கு அடிக்கிற பிரைமரை நம் ஊர்க் கடைகளிலேயே வாங்கலாம். ஆனால் சிலவற்றில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை அரிக்கும், பாகங்களை வெட்டி எடுத்தபின் மீந்த பிளாஸ்டிக் துண்டில் அடித்துப் பார்க்காமல் தொடக்கூடாது. நான் காற்றழுத்தத்தில் வண்ணம் தூவுகிற ஏர்பிரஷ்ஷில் வலேஹோ நிறுவனத்தின் பிரைமரை மெல்லிய பூச்சுகளாக அடித்தேன். சட்டத்துக்குக் கறுப்பு, தகடுகளுக்கு மங்கலான இளஞ்சிவப்பு. மஞ்சளுக்கு மூடும் திறன் குறைவு. அடியில் கறுப்பு இருந்தால் பச்சை சாயல் அடிக்கும், இளஞ்சிவப்பு இருந்தால் சூடான கடுகு நிறம் கிடைக்கும். கண்டாங்கிக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

சட்டத்துக்குச் செய்தது எளிது: லெட்பெல்ச்சர் உலோக நிறம், மேலே நூல்ன் ஆயில் என்ற கறுப்பு வாஷ் (பள்ளங்களில் தேங்கி நிழல் தருகிற நீர்த்த வண்ணம்), பிறகு விளிம்புகளில் வெள்ளி நிறத்தில் உலர்தூரிகை, அதாவது வண்ணத்தைத் துடைத்துவிட்ட தூரிகையால் மெல்லத் தேய்ப்பது. இரண்டு மாலைப் பொழுதுகளில் முடிகிற வேலைக்கு இத்தனை பலன் கிடைப்பது நியாயமே இல்லை.

தகடுகள் அப்படி விடவில்லை. ஒவ்வொரு தகட்டையும் சுற்றி ஓடுகிற தங்க விளிம்பு இருக்கிறதே, அதை வடிவமைத்தவரை ஒரு நாள் இங்கே உட்கார வைத்துத் தீட்டச் சொல்ல வேண்டும். முதுகு ஓடு வளைவானது. அதில் கட்டம் போட ரூலர் உதவாது. மெல்லிய மாஸ்கிங் டேப்பை வளைவோடு வளைத்து ஒட்டி, அதன் ஓரமாகப் பென்சிலில் இழுத்து, நீண்ட மயிர் உள்ள லைனர் தூரிகையால் தண்ணீர்ப் பதமான சிவப்பை ஓட்டினேன். வெயில் ஏறிய நேரத்தில் அக்ரிலிக் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும். அதனால் காலை வேளையில், வளவின் நிழலில்தான் வேலை. பழம்பொருள் கடையில் வாங்கிய மங்குத் தட்டில் ஈர டிஷ்யூவை விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டால் வண்ணம் மதியம் வரை ஈரமாக இருக்கிறது.

முதல் தோள் தகட்டை அப்பத்தாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கட்டம் சரிதானப்பா. கரை எங்கே? கண்டாங்கி என்றால் கரை இவ்வளவு அகலம் இருக்க வேண்டும். இது துண்டு மாதிரி இருக்கிறது.”

அவர் சொன்னது சரி. பழைய கண்டாங்கிகளில் கரை சேலையின் பெரும்பகுதியையே எடுத்துக்கொள்ளும். தகட்டின் கீழ்ப் பாதி முழுவதையும் செங்கல் சிவப்பாக்கி, மேலே கறுப்பில் இரண்டு இழை ஓட்டியதும் தூரத்திலிருந்து பார்த்தால்கூட ஊர் தெரிந்தது. மற்ற தகடுகளிலும் அந்த அளவையே வைத்துக்கொண்டேன். கட்டங்களின் எண்ணிக்கை குறைந்தது கூடுதல் இலாபம்.

அடுத்தது பீடம். 170 மி.மீ. நீளமுள்ள முட்டை வடிவத் தளம் அது. அதில் இடிந்த வீட்டின் ஆத்தங்குடித் தளம் வரப்போகிறது. உண்மையான எட்டு அங்குலக் கல்லை இந்த அளவுக்குச் சுருக்கினால் ஏறக்குறைய மூன்றரை மி.மீ.தான் வரும், அதில் பூ வரைய எனக்குக் கண் போதாது. எட்டு மி.மீ. என்று பொய்யாகவே வைத்துக்கொண்டேன். காலாவதியான வங்கி அட்டை 0.76 மி.மீ. தடிமன், கல்லுக்குத் தோதானது. ஓர் அட்டையில் அறுபது சதுரம் தேறும். அட்டை பி.வி.சி. என்பதால் பிளாஸ்டிக் சிமெண்டை நம்பாமல் ஃபெவிக்விக்தான். நைட்டின் வலது பாதத்தின் கீழ் வருகிற கற்களை மட்டும் முன்கூட்டியே உடைத்து, சற்று அமிழ்த்தி ஒட்ட வேண்டும். இல்லையென்றால் அத்தனை டன் இயந்திரம் வழவழப்பான தளத்தில் சும்மா வந்து நிற்கிறது என்றுதான் தோன்றும்.

மீதி இருப்பவை இடது தோளின் முத்திரை, முகத் தகடு, மங்கல் வார்னிஷ். முத்திரைக்கு யாளியா, முகப்பில் நிற்கிற கஜலட்சுமியா என்று வீட்டில் இரண்டு கட்சி. யாளி வரைவது எளிது என்பதால் நான் அந்தக் கட்சி. தேவகோட்டை நண்பர் தம் ஓர்க் (இந்த விளையாட்டின் ஓர் அசுர இனம்) படையோடு பங்குனியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓர்க்குகள் கூட்டமாகத்தான் வரும், ஆகவே வலது கையில் சுழல் துப்பாக்கியை மாட்டப் போகிறேன்; அதன் குழல்களில் இன்று காலைதான் பிரைமர் ஏறியது.