விளக்கு எரிந்தது, முகம் தெரியவில்லை: ஓப்பன்பிஎஸ்டியில் ஒரு காணொளி நேர்காணல்

சர்வர் பராமரிப்பு வேலைக்கான நேர்காணல் திங்கட்கிழமை காலை 11 மணிக்குக் காணொளி வழியாக நடைபெறும் என்று சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்திடமிருந்து வியாழக்கிழமை மாலை மின்னஞ்சல் வந்தது. திரையைப் பகிர்ந்து, முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) சில வேலைகளைச் செய்துகாட்ட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்ததால், கைப்பேசியில் பேசி ஒப்பேற்றவும் வழியில்லை. வீட்டிலிருப்பது ஒரே ஒரு பழைய திங்க்பேட் மடிக்கணினி. அதில் ஆறு ஆண்டுகளாக விண்டோஸோ லினக்ஸோ அல்ல, பாதுகாப்புக்குப் பெயர்போன ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம்தான் ஓடுகிறது. மின்னஞ்சலில் இருந்த இணைப்பைச் சொடுக்கியதும், காணொளிச் செயலியை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் இறக்கிக்கொள்ளும் பொத்தான்கள் வந்தன. நான்காவதாக ஒன்று இருக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் தேவையில்லாத தேடலில் போயிற்று. ஓப்பன்பிஎஸ்டியில் நிறுவக் கிடைக்கும் நிரல் பொதிகளின் பட்டியலில் அந்தச் செயலி இல்லை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. லினக்ஸ் பதிப்பை இறக்கி எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்; லினக்ஸ் நிரல்களை ஓட்டும் வசதியை 2016இல் வெளிவந்த 6.0 பதிப்போடு ஓப்பன்பிஎஸ்டி நீக்கிவிட்டது நினைவுக்கு வர அரை மணி நேரம் ஆனது. அடுத்து, ஓப்பன்பிஎஸ்டியோடு வரும் விஎம்எம் மெய்நிகர் இயந்திரத்துக்குள், அதாவது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினிக்குள், ஒரு லினக்ஸை நிறுவிப் பார்க்கலாம் என்று மதியம் வரை உட்கார்ந்தேன். நிறுவியும் முடித்தேன். ஆனால் அந்த மெய்நிகர் இயந்திரம் தருவது எழுத்து வடிவிலான சீரியல் முனையம் மட்டுமே. வரைகலைத் திரையும் கிடையாது, யுஎஸ்பி கேமராவை உள்ளே கொடுக்கவும் முடியாது. இதை முன்பே படித்தவன்தான் நான். அவசரத்தில் படித்ததெல்லாம் மறந்துபோகிறது.

மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். உலாவி வழியாகச் சேரலாமா என்பதுதான் என் ஒரே கேள்வி. "தயவுசெய்து விண்டோஸ் கணினியிலிருந்து சேரவும்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. சனிக்கிழமை காலை மதுரை சிம்மக்கல் பக்கமிருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கணினி இருந்தது, விண்டோஸ் இருந்தது, கேமராவின் மேல் மட்டும் செலோ டேப் ஒட்டியிருந்தது. "அது ரிப்பேர் சார், போன்லயே பேசிருங்களேன்" என்றார் கடைக்காரர். 40 ரூபாய் கொடுத்துவிட்டு வெயிலில் திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அழைப்புப் பக்கத்தைப் பொறுமையாகப் பார்த்தேன். பதிவிறக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, செயலி திறக்காமல் போன பிறகு, அடியில் பொடி எழுத்தில் 'உலாவியிலிருந்தே சேர்க' என்ற பொருளில் ஓர் இணைப்பு தோன்றியது. முதலில் வந்தபோது அது கண்ணில் படவே இல்லை. இந்த இணைப்பைக் காட்டுவதா மறைப்பதா என்பது கூட்டம் நடத்துபவரின் அமைப்பைப் பொறுத்தது. உங்களுக்கு வரவில்லை என்றால் நடத்துபவரிடமே கேளுங்கள், மனிதவளப் பிரிவிடம் கேட்காதீர்கள். ஆக, இரண்டு நாள்களாக நான் தேடிய மென்பொருள் தொடக்கத்திலிருந்தே என் கணினியில் இருந்தது. உலாவிக்குள்ளேயே நேரலையாகப் பேசவும் பார்க்கவும் உதவும் வெப்ஆர்டிசி நுட்பம் புழக்கத்துக்கு வந்த பிறகு ஃபயர்ஃபாக்ஸும் குரோமியமுமே காணொளிச் செயலிகள்தாம்.

ஒத்திகைக்கு, உலாவியிலேயே காணொளியில் பேச உதவும் ஜிட்சி மீட் தளத்தைத் திறந்தேன். அந்தப் பொதுத் தளத்தில் 2023 ஆகஸ்டு முதல், அறையைத் தொடங்குபவர் மட்டும் கூகுள், கிட்ஹப், ஃபேஸ்புக் போன்ற ஏதாவது ஒரு கணக்கின் வழியே நுழைய வேண்டும். சேருபவர்களுக்குக் கணக்குத் தேவையில்லை. கேமராவே இல்லை என்றது உலாவி. நிரல்கள் கேமராவை அணுகும் வழியான சாதனக் கோப்பு, முழு அதிகாரமுள்ள ரூட் பயனரின் உடைமையாக இருந்ததுதான் காரணம். உரிமையாளரை மாற்றியதும் கேமராவின் பெயர் பட்டியலில் வந்தது. அனுமதி கொடுத்தேன். கேமராவின் பக்கத்திலிருந்த சிறு விளக்கு பளிச்சென்று எரிந்தது. படம் மட்டும் இல்லை, வெறும் கட்டம்.

இந்த இடத்தில்தான் என் சனிக்கிழமை இரவு தொலைந்தது. உலாவியை மாற்றினேன், மறுதொடக்கம் செய்தேன், கேமராவின் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தும் பார்த்தேன். கேமரா செத்துவிட்டது என்றே முடிவுகட்டி, ஞாயிறு காலை பக்கத்து வீட்டுப் பையன் ஆன்லைன் வகுப்புக் காலத்தில் வாங்கியிருந்த யுஎஸ்பி கேமராவை இரவல் வாங்கிச் செருகினேன். அதிலும் விளக்கு எரிந்தது, அதிலும் வெறும் கட்டம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கேமராக்கள் ஒரே நாளில் ஒரே மாதிரி சாக முடியாது என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. ஓப்பன்பிஎஸ்டியின் கையேட்டுப் பக்கத்தைத் திறந்தேன்.

பதில் அங்கே தெளிவாக எழுதியிருந்தது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 'கெர்ன் வீடியோ ரெக்கார்ட்' (kern.video.record) என்றொரு மாறி, அதாவது மதிப்பை மாற்றக்கூடிய அமைப்பு, இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 0. அது 0 ஆக இருக்கும்வரை எந்த நிரலும் கேமராவைத் திறக்கலாம், கேமராவும் வழக்கம்போல இயங்கும், ஆனால் கெர்னல் அந்த நிரலுக்கு வெற்றுப் படங்களையே தரும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. ரூட் பயனராக அதை 1 ஆக்கியதும், தூக்கமில்லாத என் முகம் திரையில் வந்து நின்றது. ஒரு பிழைச்செய்தியாவது தந்திருக்கலாமே என்று அப்போது எரிச்சல் வந்தது உண்மை. யோசித்தால், உளவு பார்க்க வந்த நிரலுக்குத் தான் தடுக்கப்பட்டிருக்கிறோம் என்பதே தெரியாமலிருப்பது ஒரு வசதிதான். உலாவியைத் திறப்பதற்கு முன் 'வீடியோ' என்ற சிறு கருவியை முனையத்திலிருந்து ஓட்டிப் பாருங்கள். திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் என்ற தொகுப்போடு ஓப்பன்பிஎஸ்டியில் கூடவே வருவது அது. அதில் முகம் தெரியாவிட்டால் உலாவியை நோண்டிப் பயனில்லை.

வெற்றிக் களிப்பில் திருச்சியிலிருக்கும் அக்காவுக்கு ஜிட்சி இணைப்பை அனுப்பினேன். "டேய், வாய் மட்டும் அசையுது, சத்தமே வரலையேடா" என்றாள். ஒலிக்கும் அதே போல ஒரு மாறி உண்டு. மைக் பதிவை இயல்பாக அடைத்துவைக்கும் அந்த ஏற்பாடு 2018இல் வெளிவந்த 6.4 பதிப்பிலேயே வந்துவிட்டது. பேச்சுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று இரண்டையும் திறக்க வேண்டும். யுஎஸ்பி கேமராவில் உள்ள மைக் தனி ஒலிச்சாதனமாகக் கணக்கில் வரும் என்பதால், அதைப் பயன்படுத்த ஒலிச்சேவையின் அமைப்பையும் மாற்ற வேண்டும். நான் அந்த வம்புக்குப் போகாமல் கேமராவைப் பையனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மடிக்கணினியிலேயே இருந்த கேமராவையும் மைக்கையும் வைத்துக்கொண்டேன்.

ஒரு முட்டுக்கட்டை மிச்சமிருந்தது. நேர்காணலுக்குரிய தளம் குரோமியத்தில் பாதி திறந்து, சுழன்றுகொண்டே நின்றது. உலாவிக்குள் கனமான நிரல்களை வேகமாக ஓட்டும் வெப் அசெம்பிளி என்ற நுட்பத்தை நம்பி எழுதப்பட்டது அந்தத் தளம். நான் நிறுவியிருந்த குரோமியம் பொதியிலோ பாதுகாப்பு கருதி வெப் அசெம்பிளி அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அதைத் திறக்க 'எனேபிள் வாஸம்' (ENABLE_WASM) என்ற சூழல் மாறிக்கு, அதாவது நிரல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக்கு, 1 என்று மதிப்புக் கொடுத்து உலாவியைத் தொடங்க வேண்டும். இதுவும் பொதியோடு வந்த குறிப்புக் கோப்பில்தான் இருந்தது. பொதியை நிறுவும்போது கடைசியில் ஒரு குறிப்புக் கோப்பின் பெயர் திரையில் ஓடுமே, அதை நான் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. குரோமியம் நடுவில் நினைவகம் போதாமல் விழுந்தால், உங்கள் பயனர் கணக்கு சேர்ந்திருக்கும் வகுப்புக்குரிய நினைவக வரம்பை உயர்த்துங்கள். எனக்கு அது ஒரு வரி மாற்றத்தோடு முடிந்தது.

திங்கட்கிழமை 10.40க்கே சேர்ந்து காத்திருந்தேன். பின்னணியை மங்கலாக்கும் வசதி என் கணினியில் வேலை செய்யாததால், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துவிட்டு, அரிசி மூட்டை தெரியாதபடி மேசையைத் திருப்பிப் போட்டிருந்தேன். திரைப் பகிர்வு முதல் சொடுக்கிலேயே வேலை செய்தது. நடுவில், என் தன்விவரக் குறிப்பின் புதிய பிரதியைப் பதிவேற்றச் சொன்னபோது மட்டும் வியர்த்தது: உலாவிக்கு, என் கோப்புகளெல்லாம் இருக்கும் வீட்டு அடைவே (ஃபோல்டரே) காலியாகத் தெரிந்தது. ஓப்பன்பிஎஸ்டியில் இந்த உலாவிகளுக்குப் பதிவிறக்க அடைவைத் தவிர நம் சொந்தக் கோப்புகள் பெரும்பாலும் தெரிவதில்லை. கோப்பை அந்த அடைவுக்கு நகலெடுத்து ஏற்றி முடிக்கும்வரை எதிர்முனையில் மூவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் அது என்ன இயங்குதளம் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த பத்து நிமிடம் கேள்விகள் எல்லாம் அதைப் பற்றியே இருந்தன.

முடிவு இன்னும் வரவில்லை. இரண்டு மாறிகளையும் நிரந்தரமாக 1 ஆக்கும் வரியை அமைப்புக் கோப்பில் நான் சேர்க்கவில்லை. பேசும்போது திறந்து, முடிந்ததும் அடைக்கிறேன். கட்டளைகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். போன ஞாயிறு அதைப் பார்க்க மறந்துவிட்டதால், அக்கா மறுபடியும் வெறும் கட்டத்தோடுதான் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தாள்.