கடல் தெரியும் அறை

"கடல் தெரியும் அறை" என்று போட்டிருந்ததை நம்பித்தான் மகள் பணம் கட்டினாள். போய்ப் பார்த்தால் இரண்டு சுவருக்கு நடுவே ஒரு முழம் நீலம். அதிலும் பாதியை எதிர்வீட்டுப் போர்வை மறைத்துக்கொண்டு கொடியில் தொங்கியது. மகளுக்குக் கோபம். என் மனைவி சன்னலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "காஞ்சதும் எடுத்துருவாங்கங்க" என்றாள்.

ஊர் மனரோலா. இத்தாலியின் வடமேற்குக் கரையில் சிங்க்வே டெர்ரே என்று ஐந்து சிற்றூர்கள், அதில் ஒன்று. 1997இலேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. ஊருக்கு ஊர் ரயிலில் சில நிமிடம்தான், ஆனால் வழியெல்லாம் குகை. இருட்டு, சட்டென்று கடல், மறுபடி இருட்டு. போனைத் தூக்குவதற்குள் சுவர் வந்துவிடுகிறது. அப்படி எடுத்த பதினான்கு படத்திலும் கண்ணாடியில் தெரியும் என் மூக்குதான் இருக்கிறது.

நான் மலேசியாவில் பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன். எங்களுக்குக் கடல் என்றால் பக்கத்து மோரிப் கடற்கரை. சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் சில நாள் கடலே இருக்காது. வற்றிப்போய், கண்ணுக்கு எட்டிய வரை சேறு. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை அங்கே இறங்கியபோது வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றதை அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதனால் மனரோலாவில் எனக்கு முதலில் உறுத்தியது, கடல் நகராமல் இருந்ததுதான். படகுத்துறையில் ஒரு பாறையைக் குறி வைத்துக் காலையும் மாலையும் பார்த்தேன். மூன்று நாளில் ஏறி இறங்கியது ஒரு சாண் இருக்கும், அவ்வளவுதான். மத்தியதரைக் கடலுக்குப் பெருங்கடலோடு உள்ள வாசல் ஜிப்ரால்ட்டர், குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர். அதன் வழியாக வெளிக்கடலின் ஏற்றவற்றம் உள்ளே வந்து சேர்வதில்லை. நம் மலாக்கா நீரிணை புனல் மாதிரி குறுகுவதால், கிள்ளான் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நாலு மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் நமக்கு அதிகம். அங்கே அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம்.

ஐந்து ஊரில் கொர்னீலியா மட்டும் மலை மேல் இருக்கிறது. ரயிலடியிலிருந்து ஏறக்குறைய 380 படி. பழனிக்கு வேண்டிக்கொண்டதாக நினைத்து ஏறினேன். மேலே போனால் கடல் முழுசாக விரிகிறது, சரிதான். ஆனால் என் கண் போனது சரிவுக்கு. மலையை அடுக்கடுக்காக வெட்டி, கல்சுவர் கட்டி, மேட்டுக்கு மேடு திராட்சை. சுவரில் சிமெண்டு கிடையாது. பெரிய கல், அதன் சந்தில் சின்னக் கல், அதற்கும் சந்தில் விரல் அளவு சில்லு. ஒன்றை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நம் ஆட்கள் சரிவில் பால்மரத்துக்கு, அதாவது ரப்பருக்கு, நிரை வெட்டியதை நினைத்துக்கொண்டேன்.

அங்கே ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு பொடி வண்டி ஏறி வந்தது. புல் வெட்டும் மெஷின் போலச் சத்தம், பின்னால் தட்டு, தட்டில் மூட்டை, கூடவே ஒரு கிழவர். தோட்டத்துக்காரன் புத்தி, மகளைவிட்டுக் கேட்டேன்: வேலைக்கு ஆள் கிடைக்குதா? அவர் முழங்காலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "பையன் லா ஸ்பெட்சியா துறைமுகத்துல இருக்கானாம்பா" என்றாள் மகள். இதே பதிலை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் எத்தனை பெரட்டில் கேட்டிருப்பேன்! ஆள் இல்லாத சுவர் சரிகிறது, சுவர் சரிந்தால் மண் நிற்காது. 2011 அக்டோபர் 25 மழையில், ஐந்தில் இன்னொரு ஊரான வெர்னாட்ஸாவின் தெருவெல்லாம் மண் நிரம்பியது.

மற்ற ஊர்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை, கூட்டம்தான். மொன்டெரோஸ்ஸோவில் உப்பிட்ட நெத்திலி தின்றோம். சம்பல் இருந்திருக்கலாம்.

ஜூன் மாதம் அங்கே சூரியன் ஒன்பது மணிக்கு மேல்தான் மறைகிறது. பசியோடு மனரோலாவின் முனையில் காத்திருந்தோம். அந்த முனையில், கடலைப் பார்த்தபடி, இருப்பது கல்லறைத் தோட்டம். "நல்ல இடமா பாத்துக் குடுத்துருக்காங்க" என்றாள் மனைவி. எங்கள் தோட்டத்து இடுகாடு செம்பனைக்குள், டிராக்டர் கொட்டகைக்குப் பின்னால்.

கடைசி நாள் காலை போர்வை இல்லை. மனைவி எனக்கு முன்பே எழுந்து, கொண்டுபோன தூளில் தேத்தண்ணி கலக்கி, நாற்காலியைச் சன்னலோரம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு படகு இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போக ஆறு நொடி ஆகிறதாம், எண்ணியிருக்கிறாள்.

"வருதுங்க, வருதுங்க, சீக்கிரம்" என்றாள். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் போய்விட்டது.