குவெரியில் அழித்த சொல்

மருந்துச் சோதனைகளில் வரும் பக்கவிளைவு கேஸ்களை எழுதுவது என் வேலை. சந்தேகம் வந்தால் சோதனை நடக்கும் மருத்துவமனைக்கு நாங்கள் அனுப்பும் கேள்விதான் குவெரி. அப்படி ஒரு குவெரியின் முதல் வரைவில் அந்தச் சொல் இருந்தது. "மயோகார்டைட்டிஸாக இருக்க வாய்ப்புண்டா?" என்று எழுதியிருந்தேன். இதயத் தசை அழற்சி என்று பொருள். திரும்பப் படித்துவிட்டு நானே அழித்தேன். "ட்ரோபோனின் உயர்ந்திருப்பதன் மருத்துவ முக்கியத்துவத்தைத் தெளிவுபடுத்தவும்" என்று மாற்றி அனுப்பினேன். ட்ரோபோனின், இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் ஏறும் புரதம். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. பதிலைக் கேள்வியிலேயே வைத்து அனுப்பக்கூடாது, அது லீடிங் குவெரி என்பது எங்கள் வேலையில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது. ஆக, விதிப்படி நான் செய்தது சரி.

அது 2015. மருந்தின் பெயரும் சோதனையின் பெயரும் சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உடலில் பரவிவிட்ட மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு, நோயெதிர்ப்புச் சக்தியை முடுக்கிவிடும் இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனை. மெலனோமா நம் ஊரில் அரிது, வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில் வரும். சென்னையில் உட்கார்ந்து நான் எழுதிய நரேட்டிவ்கள், அதாவது நோயாளிக்கு நடந்ததைச் சொல்லும் அறிக்கைகள், பாதிக்கு மேல் ஆஸ்திரேலியக்காரர்களுடையவை. இதுவும் அப்படி வந்த ஒரு மரண கேஸ். அறுபதைத் தாண்டிய ஆண். முதல் டோஸ் முடிந்த மூன்றாம் வாரம் தோட்டத்தில் வேலை செய்யும்போது மூச்சு வாங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த நான்காம் நாள் இறந்துவிட்டார். காரணம் என்ற இடத்தில் 'நோய் முற்றியது'. மருந்துடன் தொடர்பு என்ற இடத்தில் 'நாட் ரிலேட்டட்'.

ஆனால் ட்ரோபோனின் ஏறியிருந்தது. தசை சிதைவதைக் காட்டும் சிகே பல மடங்கு. நர்ஸ் குறிப்பில் ஒரு வரி வேறு: இடது கண் இமை தொங்குகிறது, தூக்கம் சரியில்லை என்கிறார். இதயத்துத் தசை, உடம்புத் தசை, இமைத் தசை, மூன்றும் ஒரே வாரத்தில். முடுக்கிவிட்ட நோயெதிர்ப்புச் சக்தி கட்டியை விட்டுவிட்டுச் சொந்தத் தசையைத் தாக்கினால் இப்படி வரலாம் என்று இன்று யாரும் சொல்லிவிடுவார்கள். அன்று எனக்கு இருந்தது வெறும் உறுத்தல்தான்.

சைட்டிலிருந்து, அதாவது அவர் சோதனையில் சேர்ந்திருந்த மருத்துவமனையிலிருந்து, இரண்டே நாளில் பதில் வந்தது. புற்றுநோய் இதயத்துக்கும் பரவியிருக்கலாம், உடற்கூறாய்வு செய்யப்படவில்லை. அதைச் சாக்கு என்று ஒதுக்க முடியாது. மெலனோமா இதயத்துக்குப் பரவுவதில் பெயர்பெற்றது. அந்த மருத்துவர் மனதில் அதுதான் முதலில் வந்திருக்கும்.

கேஸ்களை மருத்துவ ரீதியாகச் சரிபார்க்கும் எங்கள் மெடிக்கல் ரிவ்யூவரிடம் போனேன்.

"மேம், இமை தொங்கினதுக்கு இது பதில் இல்லையே."

"சைட் டாக்டர் பேஷன்ட்ட நேர்ல பார்த்தவர்ப்பா. நாம பார்க்கிறது பேப்பர்."

"சரி மேம்."

இவ்வளவுதான் நடந்தது. அரை நிமிஷம்கூட இருக்காது. அவர் கேட்காமல் தள்ளிவிடவில்லை, கேஸைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார். நேரில் பார்த்தவர் சொல்லை மதிப்பது நல்ல பழக்கம் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சைட் 'தொடர்பில்லை' என்று சொன்னதை 'இருக்கலாம்' என்று ஏற்றுகிற உரிமை எங்கள் தரப்புக்கு உண்டு. இறக்கத்தான் கூடாது. ஏற்றியிருந்தால், எதிர்பாராத மரணம் என்ற கணக்கில் 7 நாளில் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குப் போயிருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சரி என்றேன்.

நரேட்டிவில் நான் எதையும் மறைக்கவில்லை. மூன்றையும் எழுதினேன். தேதி வரிசைப்படி எழுத வேண்டும் என்பதால் இமை முதல் பத்தியிலும், சிகே இரண்டாவதிலும், ட்ரோபோனின் மூன்றாவதிலும் போய் விழுந்தன. படிக்கிறவர் கண்ணில் மூன்றும் சேர்ந்து படுமா என்று அப்போது யோசிக்கவில்லை.

2016 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வந்தது. இப்பிலிமுமாப், நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்துகள் இரண்டும் முதல் டோஸ் பெற்றபின் இதயத் தசை அழற்சியில் இறந்த 2 மெலனோமா நோயாளிகள். இருவருக்கும் உடம்புத் தசையிலும் அழற்சி. கூடவே 20,594 பேர் அடங்கிய தரவைத் தேடி, மருந்தால் வந்த கடுமையான மயோகார்டைட்டிஸ் 18 பேருக்கு என்று கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு மருந்தும் சேர்ந்தால் 0.27 சதவீதம், நிவோலுமாப் மட்டும் என்றால் 0.06. ஓஎம்ஆரில் ஆபீஸ் பஸ்ஸில் அதைப் படித்தேன். இப்படிப்பட்ட கணக்கில் ஒருவர் சேர வேண்டுமென்றால், அவருடைய கேஸில் யாரோ அந்தச் சொல்லை எழுதியிருக்க வேண்டும். என் கேஸில் அது வரைவோடு நின்றுவிட்டது.

அவரை எந்தக் குவெரியும் காப்பாற்றியிருக்காது. என்னிடம் வரும்போதே அவர் இல்லை. கட்டுரையில் வரும் இருவருக்கும் ஸ்டீராய்டு கொடுத்தும் பிழைக்கவில்லை. சரி. ஆனால் வேறொரு ஊரில், வேறொரு சைட்டில், அடுத்த மாதம் மூச்சு வாங்கிய ஒருவருக்கு யாராவது ஒரு நாள் முன்னதாக ஈசிஜி எடுத்திருப்பார்களோ? ஒரே ஒரு கேஸ் அந்த அளவுக்கு எதையும் மாற்றாது என்றும் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது எனக்கு வசதியாக இருப்பதால் அதை நம்பவும் தயக்கமாக இருக்கிறது.

இந்த மருந்துகள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இவை வருமுன் இந்த நிலை நோயாளிகளில் பாதிப் பேர் ஒரு வருடம்கூடத் தாண்டவில்லை. 945 பேர் சேர்ந்த செக்மேட் 067 சோதனையில், இரண்டு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்த அன்று நான் அழுதேன். அந்தத் தோட்டத்து மனிதரையும் அன்றுதான் அதிகம் நினைத்தேன்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வேறொரு மருந்தின் கல்லீரல் கேஸுக்கு எழுதிய குவெரியில் தன் சந்தேகத்தைப் பெயர் சொல்லியே கேட்டிருந்தாள். "இது லீடிங் தானேக்கா, எடுத்துடவா?" என்றாள். எடுத்துடு என்றேன். அப்புறம், எடுத்த வரியை அப்படியே மெடிக்கல் ரிவ்யூவருக்கு மெயில் போடு, ஃபோனும் பண்ணு என்றேன்.

"அவங்க பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னா?"

"காரணத்தை எழுதி மறுபடி அனுப்பு."

தலையாட்டிவிட்டுப் போனாள். 2015இல் நான் மறுபடி அனுப்பவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.