மின்தடைக் கணக்கில் நான் மதிப்பெண் இழந்த இரண்டு இடங்கள்

மதுரையில் பாலிடெக்னிக் முதலாண்டு படித்தபோது, உள்தேர்வு ஒன்றில் 12 வோல்ட் மின்னழுத்தத்தில் 300 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருளின் மின்தடையையும் திறனையும் கேட்டிருந்தார்கள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் திறன் என்பது எனக்கு மனப்பாடம். 12-ஐ 300-ஆல் வகுத்து 0.04 ஓம் என்றும், பெருக்கி 3600 வாட் என்றும் எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். உள்ளங்கையில் அடங்கும் சுருள் மூன்று இஸ்திரிப் பெட்டிகளுக்குச் சமமாகச் சூடேறுமா என்று ஒரு கணம் யோசித்திருந்தாலே பிழை பிடிபட்டிருக்கும். 300 மில்லி ஆம்பியர் என்பது 0.3 ஆம்பியர், ஆகவே விடை 40 ஓம், 3.6 வாட். அன்று முதல், எண்களை முதலில் ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய அலகுகளில் தனி வரியில் எழுதிக்கொண்ட பிறகே சூத்திரத்தைத் தொடுகிறேன்.

இரண்டாவது பிழை இதைவிட ஆழமானது. 230 வோல்ட், 1000 வாட் என்று குறிக்கப்பட்ட ஹீட்டரை 180 வோல்ட்டில் இணைத்தால் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பது கேள்வி. நான் 1000-ஐ 180-ஆல் வகுத்து 5.56 ஆம்பியர் என்று எழுதினேன். எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒருசேர ஓடும் வேளையில் மின்னழுத்தம் இறங்கிவிடும், அம்மா சுருள் அடுப்பில் வைத்த உலை காயவே காயாது. அழுத்தம் குறைந்தால் அடுப்பு கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து அதே 1000 வாட்டைத் தரும் என்ற என் விடை, எங்கள் வீட்டு உலைக்கே ஒவ்வாதது.

பெட்டியில் குறித்த 1000 வாட், 230 வோல்ட் கிடைக்கும்போது மட்டுமே உண்மை. ஏறக்குறைய மாறாமல் இருப்பது சுருளின் மின்தடைதான். எனவே 230-இன் வர்க்கமான 52,900-ஐ 1000-ஆல் வகுத்து 52.9 ஓம் என்று முதலில் கண்டறிய வேண்டும். பிறகு 180-ஐ அதனால் வகுத்தால் 3.4 ஆம்பியர், திறன் 612 வாட். மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைய, சூடு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடுகிறது. திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். கைப்பேசி சார்ஜர்கள் பலவற்றுக்கும் மோட்டாருக்கும் இந்த வழி பொருந்தாது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

மின்தடை மாறாது என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப்படி 882 ஓம் வர வேண்டும். அணைத்த நிலையில் மல்டிமீட்டரில் அளந்தபோது 65 ஓம்தான் காட்டியது. கருவி பழுது என்று நினைத்தேன். உண்மையில் டங்ஸ்டன் இழை எரியும்போது 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி, அதன் மின்தடை பன்மடங்கு உயர்கிறது.

கம்பியின் மின்தடையைக் கண்டறியும் செய்முறைத் தேர்விலும் இதே சூடுதான் காலை வாரும். அம்மீட்டரைத் தொடரிலும் வோல்ட்மீட்டரைக் கம்பிக்குப் பக்க இணைப்பிலும் சரியாக இணைத்துவிட்டு, சாவியை (சுவிட்சை) மூடி மின்னோட்டம் பாயவிட்டபடியே அளவீடுகளை நிதானமாக எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு, 4.9 ஓமில் தொடங்கும் மின்தடை வரிசைக்கு வரிசை ஏறிக்கொண்டே போகும். அளவெடுக்கும் நேரத்தில் மட்டும் சாவியை மூடி, உடனே திறந்துவிடுங்கள்.