பதின்மூன்றாவது செவ்வாய்

கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸில் என் கணவர் இடப்பக்கச் சன்னலோரத்தில்தான் உட்காருவார். இடது கையை யாரும் இடித்துவிடக் கூடாது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே வைத்தியர்கள் நாடியையும் நாளத்தையும் இணைத்துவைத்திருக்கும் கை அது. திங்கள், புதன், வெள்ளி இரத்தச் சுத்திகரிப்பு. ஊசி ஏறுவது அந்த இடத்தில்தான். மேலே விரலை வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு தெரியும், கல்லுக்கு அடியில் வாய்க்கால் ஓடுவதுபோல. காலையில் கண் விழித்ததும் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். சிலுவை அடையாளம் போடுவது அதற்குப் பிறகு. ஆண்டவர் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

செவ்வாய் எங்களுக்கு ஊசியில்லாத நாள். நாங்கள் போகும் கொழும்பு கொச்சிக்கடைக் கோயிலின் புனித அந்தோனியாருக்கும் அதுவே உரிய நாள். 1231 ஜூன் 13ஆம் திகதி பதுவா நகருக்கு அருகே கண்மூடிய அவரை ஒரு செவ்வாய்க்கிழமையில் அடக்கம் செய்தார்கள். அதிலிருந்து வந்த பக்தி இது. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்க வேண்டும் என்று பதின்மூன்று செவ்வாய் நேர்ந்துகொண்டோம். ஐந்தாவது வாரம் இவருடைய பெரியப்பாவின் மகன் தருவதாக முன்வந்தார். இரத்த வகை பொருந்தியது. ஆறாவது செவ்வாய் நான் நன்றி மெழுகுதிரியே ஏற்றிவிட்டேன். ஒன்பதாவது வாரம், கடைசிப் பரிசோதனையில் ஒத்துவரவில்லை என்றார்கள். அன்று அரிசி களைந்துகொண்டே அழுதேன். இவர் குசினி வாசலில் வந்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய் எனக்கு முன்பே சட்டை மாற்றிக்கொண்டு படியில் நின்றவர் அவர்தான்.

பதின்மூன்றாவது செவ்வாய் கடும் வெயில். இவருக்கு நாளொன்றுக்கு முக்கால் லீற்றர் தண்ணீர்தான், தேநீரும் குழம்பும் உட்பட. சிறிய போத்தல் ஒன்றை என் பையில் வைத்திருப்பேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைப் பார்த்தார். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார். கோயில் வீதியில் மெழுகுதிரிக்காரர்களும் பூமாலை விற்பவர்களும் கூப்பிடுகிற குரல், அதற்கு அப்பால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். அங்கே கடல் இருப்பது காற்றில்தான் தெரியும்.

அந்தக் கடலோடுதான் இந்தக் கோயிலின் கதை தொடங்குகிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் தலைகாட்ட முடியாத காலம். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு வியாபாரி வேடத்தில் மறைந்து வாழ்ந்தார். கடலரிப்பால் குடிசைகளை இழந்துகொண்டிருந்த மீனவர்கள் அவரிடம் வந்து கெஞ்சினார்கள். அவர் கரையில் ஒரு சிலுவையை நட்டு, மூன்று நாள் செபித்தார். கடல் பின்வாங்கியது என்று சொல்வார்கள். சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்டபோது கடல் பின்வாங்கியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது அந்த முதல் இரண்டு நாளைப் பற்றித்தான் நினைக்கிறேன். அலை வீட்டு வாசலில் அடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்கள் என்ன சமைத்திருப்பார்கள், பிள்ளைகளை எங்கே படுக்க வைத்திருப்பார்கள்?

இன்றிருக்கும் ஆலயம் 1834இல் அபிஷேகம் செய்யப்பட்டது. வாசலருகே கண்ணாடிப் பேழைக்குள் புனிதரின் சுரூபமும், அவருடைய நாவின் சிறு பகுதியான திருப்பண்டமும் இருக்கின்றன. கண்ணாடியில் கை வைத்துச் செபிக்க வரிசை நிற்கும். சிங்களவர், தமிழர், பௌத்தர், இந்து, முஸ்லிம் என்று யாரையும் யாரும் கேட்பதில்லை. எனக்கு முன்னால் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு வயதான அம்மா. பக்கத்தில் பொன்னம்பலவாணேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே வந்திருக்கிறார். முல்லைத்தீவு. 2009இல் காணாமற்போன மகனுக்காக, கொழும்புக்கு வரும் ஒவ்வொரு முறையும் இங்கே வருவாராம்.

"எத்தனையாவது செவ்வாய், பிள்ளை?"

"பதின்மூன்று, அம்மா. இன்றோடு முடிகிறது."

"பிறகு?"

அவர் சும்மாதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் அவருடைய முறை வந்துவிட்டது. இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் அழுத்தி, நெற்றியையும் சாய்த்தார். நிமிர்ந்தபோது விபூதி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. சேலைத் தலைப்பால் அதை மெதுவாகத் துடைத்துவிட்டு எனக்கு வழிவிட்டார்.

அந்த இடத்தில் நான் கை வைத்தேன்.

அந்தோனியாரின் வாழ்க்கையை நான் ஒழுங்காகப் படித்தது இந்த நோய்க்குப் பிறகுதான். லிஸ்பனில் பிறந்தவர். மொரோக்கோவில் வேதசாட்சியாக இறக்க வேண்டும் என்ற ஆசையோடு போனார். போன இடத்தில் நோயில் விழுந்தார். திரும்பி வரும்போது புயல் கப்பலைச் சிசிலிக்குக் கொண்டுபோனது. பிறகு இத்தாலியில் ஒரு மலை மடத்தில் ஏறக்குறைய ஓர் ஆண்டு, தனிச் செபமும் பாத்திரம் கழுவுவதுமாக இருந்தார். அவர் எவ்வளவு படித்தவர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. 1222இல் ஃபோர்லி நகரில் ஒரு குருப்பட்ட நாளில் பேசுவதற்கு ஆளில்லாமல் அவரை எழுப்பிவிட்டபோதுதான் அந்த நாவை உலகம் கேட்டது. மடத்தில் இருந்தபோது அவருக்கு ஃபோர்லி தெரியாது. மொரோக்கோ கைவிட்டுப் போனது மட்டுந்தான் தெரியும். கண்ணாடிக்குள் இருக்கும் நாவு முதலில் அங்கே மௌனமாக இருந்த நாவு என்பது என்னைப் பிடித்து உலுக்கியது.

திருப்பலியில் உட்கார்ந்தபோது என் கண் தரையிலேயே இருந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு வெடித்தது இதே கூரையின் கீழ்தான். அதற்குப் பிறகு ஜூன் 12 வரை, திருநாளுக்கு முதல் நாள் கதவு திறக்கும்வரை, சனங்கள் வெளியே நின்று மெழுகுதிரி ஏற்றினார்கள். பிரியமானவர்களைப் பறிகொடுத்தவர்கள் நீதிக்காக இன்னும் காத்திருக்கிறார்கள். அவர்கள் வந்து முழந்தாளிடும் தரையில் என் காத்திருப்பை மட்டும் பெரிதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது?

ஆஸ்பத்திரி வாங்கில் இவருக்காக உட்கார்ந்திருக்கும் நான்கு மணி நேரத்தில் யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்துவிட்டேன். மார்த்தாவிடமும் அவளுடைய சகோதரியிடமும் இலாசரிடமும் இயேசு அன்பு கொண்டிருந்தார் என்று ஒரு வசனம். இலாசர் நோயுற்றதைக் கேள்விப்பட்டும் தாம் இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்கினார் என்று அடுத்த வசனம். இரண்டும் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருக்க முடியும் என்று முதலில் கோபந்தான் வந்தது. நாங்கள் இப்போது அந்த இரண்டு நாளுக்குள் இருக்கிறோம். அன்பில்லாமல் அவர் தாமதிக்கவில்லை என்று எழுதப்பட்டிருக்கிறது. அதை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மார்த்தாவையும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டானே என்று குறை சொல்லத்தான் அவள் எழுந்து போனாள். ஆனாலும் அவரிடமே போனாள், அவர் வீட்டுக்கு வரும்வரைகூடப் பொறுக்காமல்.

வெளியே வந்து மெழுகுதிரி ஏற்றினோம். காற்றுக்கு இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை இவர் இடது கையை நீட்டி மறைத்தார். சுடர் நின்றது. அந்த அம்மாவைத் தேடினேன், போய்விட்டிருந்தார்.

மறுநாள் புதன். விடியற்காலையில் விரல் வைத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாயும் போனோம். நேர்ச்சை ஒன்றும் வைக்கவில்லை. வரிசையில் நிற்கும்போது இவர் போத்தலைக் கேட்டு வாங்கினார், ஒரு மிடறு குடித்தார், மூடியை இறுக்கித் திருகி என் கையில் தந்தார்.